ஏரி மண்ணில் உருண்டை முட்டை: பாம்பா, ஆமையா?

கோடையில் ஏரி வற்றியதும் திண்டிவனம் வட்டாரத்தில் வண்டல் மண் அள்ளும் வேலை தொடங்கிவிடும். தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பொக்லைன் வைத்து அள்ளி, டிராக்டர் டிராக்டராகக் கொல்லையில் கொட்டுவார்கள். அப்படிக் கரையோரம் மண் வெட்டும்போது ஒரு நாள் வெள்ளை வெளேரென்று ஏழெட்டு முட்டைகள் உருண்டு வந்தன. கோலிக்குண்டைவிடப் பெரிது, எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிது. "பாம்பு முட்டை மாமா, கை வைக்காதீங்க" என்றார் டிராக்டர் ஓட்டிவந்த இளைஞர். "பாம்பு முட்டை இப்படி உருண்டையா இருக்காதுடா" என்றார் கரையில் நின்ற பெரியவர். பேச்சு முடிவதற்குள் இரண்டு முட்டைகள் டயருக்கு அடியில் போய்விட்டன. மிச்சத்தை ஒருவர் துண்டில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய், அடைக்கோழியின் அடியில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பொரிக்கவில்லை. அது என்ன முட்டை, ஏன் பொரிக்கவில்லை என்பதுதான் அந்த வட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி.

பெரியவர் சொன்னது சரி. அது பாலாமையின் முட்டை.

ஏரி, குளம், கிணறு, வயல் வாய்க்கால் என்று நம் பக்கத்து நன்னீரில் அதிகம் தென்படுவது பாலாமைதான். மற்ற ஆமைகளுக்குக் கட்டம் கட்டமான கெட்டி ஓடு இருக்கும். பாலாமையின் முதுகிலோ வழவழப்பான தோல் போர்த்தியிருக்கும். கழுத்து நீளம். மூக்கு குழாய்போல் நீண்டிருப்பதால், உடம்பை நீருக்குள் வைத்துக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்சு விடும். வயிற்றுப் பக்கம் பின்னங்கால்களை மூடிக்கொள்ள இரண்டு தோல் மடிப்புகள் உண்டு. காலை உள்ளே இழுத்ததும் கதவு சாத்துவதுபோல் அவை மூடிக்கொள்ளும். ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை கிடக்கும். கோடையில் வண்டல் வெட்டும்போது முட்டை மட்டுமல்ல, உயிருள்ள ஆமையே மண்கட்டிபோல வெளியே வருவதற்கு இதுதான் காரணம்.

இந்தச் சாதாரண ஆமையைப் பற்றி 1980களின் தொடக்கத்திலேயே அக்கறையோடு ஆராய்ந்து எழுதியவர் ஜெ. விஜயா. சென்னைப் பாம்புப் பண்ணையில் பணியாற்றியவர்; ஊர்வனவற்றை ஆராய்ந்த முதல் இந்தியப் பெண் என்று அறியப்படுபவர். 1987இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். கேரளக் காட்டில் அவர் மீண்டும் கண்டறிந்த ஒரு காட்டாமையின் அறிவியல் பெயரில் இன்று அவர் பெயர் இருக்கிறது.

ஓடு என்பது வீடு அல்ல, எலும்பு

ஆமை தன் வீட்டைச் சுமந்துகொண்டு திரிகிறது என்று குழந்தைகளுக்குச் சொல்கிறோம். நத்தைக்கு ஓரளவு அது பொருந்தும், ஆமைக்குப் பொருந்தாது. ஆமையின் மேலோடு என்பது அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று, ஒன்றோடொன்று பிணைந்து உருவானது. அதை விட்டு ஆமை வெளியே வர முடியாது. நாம் நம் மார்புக்கூட்டை விட்டு வெளியே வர முடியுமா? அதேபோலத்தான். இன்னொரு விந்தையும் உண்டு. மனிதனுக்கும் மாட்டுக்கும் தோள்பட்டை எலும்பு விலா எலும்புக்கு வெளியே இருக்கிறது. ஆமைக்கு அது விலாக்கூட்டுக்கு உள்ளே இருக்கிறது. முதுகெலும்புள்ள உயிர்களில் வேறு எதற்கும் இந்த அமைப்பு கிடையாது.

எலும்புக்கு மேலே போர்த்தியிருக்கும் தகடுகள் நம் நகம், மாட்டுக் கொம்பு ஆகியவை எதனால் ஆனவையோ அதே பொருளால் ஆனவை. அவற்றுக்கு அடியில் நரம்பும் ரத்தமும் ஓடுகின்றன. ஓட்டைத் தொட்டால் ஆமைக்குத் தெரியும். சில ஊர்களில் பிள்ளைகள் ஆமை ஓட்டின் ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கட்டி இழுத்து விளையாடுவார்கள். விரல் நகத்தின் அடிச்சதையில் ஆணி அடித்தால் எப்படியோ, ஆமைக்கு அது அப்படி.

இந்த ஓட்டோடு ஆமைகள் 20 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் இதை அளந்து பார்க்க ஒரு இடம் பக்கத்திலேயே உண்டு. வானூர் பக்கம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு என்கிறார்கள். அந்த மரங்கள் பச்சையாக நின்றபோதே ஆமை மிகப் பழைய உயிர்.

எது யாருடைய முட்டை?

கொல்லை வேலையில் முட்டை தட்டுப்படுவது புதிதல்ல. எருக்குழி கிளறும்போது, கரும்புச் சோகை அள்ளும்போது, வரப்பு வெட்டும்போது, வைக்கோல் போரின் அடியைப் பிரிக்கும்போது கிடைக்கும். எல்லாவற்றையும் பாம்பு முட்டை என்று சொல்லி நசுக்கிவிடுவதுதான் வழக்கம். கொஞ்சம் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

பாலாமை முட்டை உருண்டையாக, ஓடு கெட்டியாக, தட்டினால் உடையும்படி இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. ஏரியிலும் கிணற்றிலும் இருக்கும் இன்னொரு நன்னீர் ஆமையான காராமையின் முட்டை கெட்டி ஓடுதான், ஆனால் நீள்வட்டமாக இருக்கும். வறண்ட புதர்க்காட்டில் வாழும் நட்சத்திர ஆமையும் கெட்டி ஓடு முட்டைதான் இடுகிறது. மண் இறுகியிருந்தால் பெண் ஆமை தன் சிறுநீரால் நனைத்துப் பதமாக்கிக் குழி தோண்டும்.

பாம்பு முட்டையை அடையாளம் காண்பது எளிது. நீளமாக, மிருதுவாக, தோல் பைபோல இருக்கும். அழுத்தினால் பள்ளம் விழும். பெரும்பாலும் கொத்தாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். சாரை, நல்லபாம்பு, கட்டுவிரியன் மூன்றும் முட்டையிடுபவை. நல்லபாம்பு முட்டைகளின் அருகிலேயே இருந்து காக்கும் பழக்கம் உள்ளது என்பதால், எருக்குழியில் ஒட்டிக் கிடக்கும் நீள முட்டைகளைக் கண்டால் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்வதே நல்லது. கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் முட்டையிடாது. வயிற்றுக்குள்ளேயே வளர்த்துக் குட்டியாகப் போடும். மண்ணுளியும் அப்படித்தான். "விரியன் முட்டையை நான் பார்த்திருக்கிறேன்" என்று யாராவது சொன்னால், அவர் பார்த்தது கட்டுவிரியன் முட்டையாக இருக்கலாம். அது பெயரில்தான் விரியன். (சாரையும் நல்லபாம்பும் ஆண் பெண் ஜோடி என்ற நம்பிக்கை இன்னும் உண்டு. இரண்டும் வேறு வேறு இனம். சாரையில் ஆணும் பெண்ணும் உண்டு, நல்லபாம்பிலும் உண்டு.)

உடும்பு சில சமயம் கரையான் புற்றைத் தோண்டி அதற்குள் முட்டையிடும். ஓணான் பொலபொலப்பான மண்ணில் சிறு குழி தோண்டி இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, தலையால் தட்டிவிட்டுப் போகும். ஓணான் முட்டை இட்ட அளவிலேயே இருக்காது. மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். மிருதுவான ஓடு உள்ள முட்டைகள் பலவற்றின் குணம் இது. நிலைக்கதவுக்குப் பின்னால் ஒட்டிக் கிடக்கும் பல்லி முட்டை மட்டும் இதற்கு விலக்கு. அது சிறியது, ஆனால் ஓடு கெட்டி.

கோழி முட்டையை உருட்ட வேண்டும், ஆமை முட்டையை உருட்டக் கூடாது

இனி அந்த முட்டைகள் ஏன் கோழியின் அடியில் பொரிக்கவில்லை என்பதற்கு வரலாம். விவசாய வீடுகளில் அடை வைத்துப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும்.

கோழி அடையில் உட்கார்ந்தால் நாளுக்குப் பலமுறை அலகால் முட்டையைத் திருப்பிவிடும். குஞ்சு பொரிப்பானிலும் தட்டைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்புவார்கள். திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டு செத்துவிடும். கோழி முட்டையை உடைத்து ஊற்றும்போது மஞ்சள் கருவின் இரு பக்கமும் வெள்ளை நூல்போல முறுக்கிய ஒன்று தெரியும். முட்டை எப்படி உருண்டாலும் மஞ்சள் கருவை நடுவில் பிடித்து வைத்திருப்பது அந்த நூல்தான்.

ஆமை முட்டையில் அந்த நூல் இல்லை. இட்ட சில மணி நேரத்தில் கரு மேலே மிதந்து வந்து, ஓட்டின் உச்சியில் உட்புறச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால்தான் அதற்கு வாழ்வு. அந்த இடத்தில் ஓடு வெளுத்து, வெள்ளைத் திட்டாகத் தெரியும். முட்டையில் உயிர் இருக்கிறது என்பதற்கு அந்தத் திட்டுதான் அடையாளம். அதன்பிறகு முட்டையைப் புரட்டினால், ஒட்டியிருந்த மெல்லிய சவ்வு பிய்ந்து, கனமான கரு கீழே நசுங்கிப்போகும். பாம்பு முட்டைக்கும் பல்லி முட்டைக்கும்கூடப் புரட்டல் ஆகாது. துண்டில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோன வழியிலேயே அந்தக் கருக்கள் முடிந்திருக்கும். அதற்கு மேல் கோழியின் சூடு வேறு. கோழி முட்டைக்குத் தேவை சுமார் 37.5 டிகிரி செல்சியஸ், 21 நாள். ஆமை முட்டைக்கு அவ்வளவு சூடு ஆகாது. பாலாமைக்கு நாள் கணக்கும் வேறு. முட்டைக்குள் கரு வளராமல் சில காலம் தூங்கிக் கிடந்து, பிறகு வளரும். சில முட்டைகள் பொரிக்க 9 மாதம்வரை ஆகலாம். விதை நெல்லுக்கு உறக்க காலம் உண்டு என்று அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

ஊர்வனவற்றின் முட்டைக்கு அதன் ஓட்டைவிட உள்ளே இருக்கும் ஏற்பாடுதான் பெரிய சங்கதி. தவளையும் மீனும் முட்டையிட நீர் வேண்டும். ஊர்வன முட்டைக்குள்ளேயே நீரை வைத்துக்கொண்டு காய்ந்த மண்ணில் இட்டுவிட்டுப் போகின்றன. கருவைச் சுற்றி ஒரு நீர்ப்பை. உணவுக்கு மஞ்சள் கரு. கழிவைச் சேர்த்து வைக்கவும், ஓட்டின் நுண்துளை வழியாக மூச்சு வாங்கவும் இன்னொரு பை. எல்லாவற்றையும் சுற்றி ஒரு சவ்வு. கோழிக்கும் இதே ஏற்பாடுதான், ஊர்வனவற்றின் வழியில் வந்தது. ஓட்டின் சுண்ணாம்பும் ஒன்றுதான். முட்டைக்கோழிக்குத் தீவனத்தில் கிளிஞ்சல் தூள் கலக்கிறார்களே, அதில் உள்ள அதே கால்சியம்தான் ஆமை முட்டை ஓட்டிலும் இருக்கிறது.

நுண்துளை வழியாக மூச்சு விடுவதால் முட்டைக்கு ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது மறந்திருக்காது. அதுபோல் மண் நாள்கணக்கில் நீரில் ஊறினால் பல முட்டைகள் மூச்சடைத்துப் போகும். அதிகம் காய்ந்தாலும் சுருங்கிப் போகும். பெண் ஆமை நீர்மட்டத்துக்கு மேலே ஏரிக்கரைச் சரிவில் ஏறி வந்து இடம் தேடுவது இதற்காகத்தான். பொக்லைன் முதலில் கை வைப்பதும் அந்தச் சரிவில்தான்.

மரக்காணம் கரையில் மாசியும் பங்குனியும்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே சுமார் 35 கி.மீ. போனால் மரக்காணம். உப்பளம், கழுவெளி, அதற்கப்பால் கடல். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி 5,151 ஹெக்டேர் பரப்புள்ளது. வானூர், மரக்காணம் வட்டங்களில் விரிந்து கிடக்கிறது. கடலை ஒட்டிய மணலில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு நேரத்தில் முட்டையிட வருகிறது பங்குனி ஆமை. பங்குனி மாதத்தையொட்டி வருவதால் மீனவர்கள் வைத்த பெயர். சிற்றாமை என்றும் சொல்வார்கள். உலகில் கடலாமை 7 வகை. இந்தியக் கடலில் 5 வகை உண்டு. நம் கரையில் அதிகம் ஏறுவது இதுதான். ஒடிசாவில் இவை லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் வந்து முட்டையிடும். தமிழ்நாட்டுக் கரையில் ஒன்றும் இரண்டுமாகத்தான் வரும்.

பெண் ஆமை நடு இரவில் அலைமட்டத்துக்கு மேலே ஏறி வந்து, பின்னங்காலால் மணலை அள்ளி அள்ளிப் போட்டு, கழுத்து குறுகிய பானை வடிவில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டும். பின்னால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. கால் தொட்டுணர்வதை வைத்தே தோண்டும். 100 முதல் 120 முட்டை. மேசைப் பந்துபோல உருண்டை. பாலாமை முட்டைபோல் கெட்டியாக இருக்காது. ஓடு மிருதுவாக, கைபட்டால் அமுங்கும். ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் உடையாததற்கு அதுவே காரணம். மணலை மூடி, உடம்பால் தட்டிச் சமப்படுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடும். திரும்பி வந்து பார்ப்பதில்லை.

அகநானூற்றில் குமுழிஞாழலார் நப்பசலையார் பாடிய 160ஆம் பாட்டில் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. அடும்புக் கொடி படர்ந்த மணல்மேட்டில் ஆமை புதைத்து வைத்த முட்டை, யானைத் தந்தத்தில் கடைந்த வட்டுப்போன்ற அதன் உருவம், அதன் புலால் நாற்றம், எல்லாம் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. குஞ்சு பொரிக்கும்வரை ஆண் ஆமை காவல் இருக்கும் என்ற இடத்தில் மட்டும் பாட்டு விலகுகிறது. ஆண் ஆமை கரைக்கு ஏறுவதே இல்லை. ஆனாலும் அந்த அடும்புக் கொடி இன்றும் அதே மணல்மேட்டில்தான் படர்கிறது.

45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. சுமார் 29 டிகிரியை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து வரும். அதற்கு மேல் சூடானால் பெண் கூடும். குளிர்ந்தால் ஆண் கூடும். எல்லா ஊர்வனவற்றுக்கும் இப்படி இல்லை. பாம்புக்கு ஆண் பெண் கருவிலேயே முடிவாகிவிடும். முதலைக்குச் சூடுதான் முடிவு செய்கிறது. இதை நம் பக்கத்திலேயே, மாமல்லபுரம் அருகே 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையில் ஆராய்ந்தார்கள். கோடை ஆண்டுக்காண்டு கடுமையாகி வருவதால் ஆண் கடலாமை குறைந்துபோகும் என்ற கவலை உலகெங்கும் இருக்கிறது. பொரிப்பகங்களில் மணலுக்கு மேலே நிழல்வலை கட்டுவது இதற்கும் சேர்த்துத்தான். நாற்றங்காலுக்கு நாம் கட்டும் அதே பச்சை வலை.

1970களில் சென்னைக் கரையில் சிலர் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர்கள் அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். இன்று தமிழ்நாட்டுக் கரை நெடுக வனத்துறை பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. மரக்காணம் பக்கமும் அந்த வேலை நடக்கிறது. நள்ளிரவுக்கு மேல் கரையோரம் நடந்து, டிராக்டர் டயர் தடம்போல் மணலில் தெரியும் ஆமைத் தடத்தைப் பின்தொடர்ந்து, குச்சியால் மெல்லக் குத்திக் குழியைக் கண்டுபிடிப்பார்கள். நாய், நரி, மனிதர் எடுப்பதற்கு முன், கரு ஓட்டில் ஒட்டுவதற்கும் முன், சில மணி நேரத்துக்குள் முட்டைகளை மாற்றிவிட வேண்டும். அதே ஆழம், அதே பானை வடிவம். குழி மாறினால் சூடு மாறும்.

குஞ்சின் மூக்கு நுனியில் சிறு முள் ஒன்று இருக்கும். அதனால்தான் ஓட்டைக் கிழிக்கும். சில நாளில் அந்த முள் உதிர்ந்துவிடும். வயிற்றில் மிச்ச மஞ்சள் கரு உள்ளிழுக்கப்படும்வரை மணலுக்குள்ளேயே கிடந்து, பிறகு எல்லாம் ஒன்றாக மேலே முண்டிக்கொண்டு வரும். மேல் மணல் குளிர்ந்தால் இரவு என்று அவற்றுக்குத் தெரியும். வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கம் நோக்கி ஓடும். இயற்கையில் அது நட்சத்திர ஒளி மின்னும் கடல். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை விளக்கும், கரையோரக் கட்டடங்களின் விளக்கும் அதைவிட வெளிச்சம். குஞ்சுகள் ரோட்டுப் பக்கம் ஓடி, விடிந்ததும் காகத்துக்கு இரையாகும். கடலுக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஆயிரத்தில் ஒன்று வளர்ந்தால் பெரிது என்பார்கள்.

வளர்ந்த ஆமைக்கு எமன் வேறு. ஆமைக்கு நுரையீரல் உண்டு, செவுள் கிடையாது. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் நீரில் மூழ்கியே சாகும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்ற விதி ஏட்டில் இருக்கிறது. வலையில் ஆமை வெளியேற ஒரு கம்பிச்சட்டம் பொருத்தலாம். இறால் உள்ளே தங்கும், ஆமை வழுக்கி வெளியே போகும். கொஞ்சம் மீனும் சேர்ந்து போய்விடும் என்பதால் படகுக்காரர்கள் விரும்புவதில்லை. அதன் விலையையும் அவர்களேதான் கொடுக்கிறார்கள். அந்தச் சட்டம் இல்லை என்று காரணம் சொல்லி, 2019 முதல் இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. குட்டையில் வளர்த்த இறாலுக்கு இந்தத் தடை இல்லை. ஃபைபர் படகில் போய்க் கைவலை போடும் சின்ன மீனவருக்கு இதில் பங்கு மிகக் குறைவு. நஷ்டத்தில் மட்டும் அவரும் சேர்ந்துகொள்கிறார்.

ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரு பழமொழி. அமீனா ஜப்தி செய்ய வருபவர். கடன் வாங்கிய விவசாயிக்கு அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆமை என்ன பாவம் செய்தது? வெள்ளம் வந்தால் ஏரி நிரம்பி ஆமை வீட்டுக்குள் வரும். வெள்ளம் புகுந்த வீட்டில் நெல்லும் போகும், சுவரும் போகும். பழி ஆமையின் மேல். அதே ஊரில், நீர் சுத்தமாக இருக்கும் என்று கிணற்றில் ஆமையை விட்டு வைத்தவர்களும் உண்டு. பாலாமை நத்தை, பூச்சி, தவளைக்குஞ்சு, செத்த மீன் எல்லாவற்றையும் தின்னும். நெற்பயிருக்கு அதனால் கேடு இல்லை.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பாலாமை, நட்சத்திர ஆமை, கடலாமை எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2022இல் திருத்தியபோது நட்சத்திர ஆமையையும் அதில் சேர்த்தார்கள். பிடித்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுவரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வேட்டை என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளில் ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும் அடங்கும். வாஸ்துவுக்கு நல்லது என்று சொல்லி ஆயிரம், இரண்டாயிரத்துக்கு நட்சத்திர ஆமை கேட்டு வருபவர்கள் ஊர்ப் பக்கம் வருவதுண்டு. விமான நிலையத்தில் அவர்கள் பிடிபட்டால், புதரில் பொறுக்கிக் கொடுத்தவரையும் தேடித்தான் வருவார்கள்.

வாசகர் கேள்வி

கேள்வி: வண்டல் எடுக்கும்போது இனி முட்டை கிடைத்தால் என்ன செய்வது?

கிடைத்த நிலையிலேயே, மேல்பக்கம் எதுவோ அதில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கழுவக் கூடாது, உருட்டக் கூடாது. ஒரு சட்டியில் அதே ஈர மண்ணைப் பரப்பி, கோடு மேலே இருக்கும்படி ஒவ்வொன்றாக வையுங்கள். ஏரிக்கரையில் வேலை நடக்காத பக்கம், கிடைத்த அதே ஆழத்தில், நீர் தேங்காத மேட்டில் புதைத்து மண்ணை லேசாக மூடிவிட்டு, திண்டிவனம் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நேரம் இருந்தால் அவர்கள் வரும்வரை எடுக்காமல் விடுவது இன்னும் நல்லது. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு நாலு அடி தள்ளி மண் அள்ளினால் வண்டல் ஒன்றும் குறைந்துபோகாது. முட்டை நீளமாக, மிருதுவாக, ஒட்டிக்கொண்டு இருந்தால் தொட வேண்டாம். பாம்பு பக்கத்தில் இருந்தால் தீயணைப்புத் துறைக்கு 101 அடியுங்கள்.

கேள்வி: சேற்றோடு வந்த ஆமை டிராக்டரிலேயே கொல்லைக்கு வந்துவிட்டது. உயிர் இருக்கிறதா என்று தெரியவில்லை.

சேற்றில் புதைந்த பாலாமை அசையாமல் கிடக்கும், செத்ததுபோலத்தான் தெரியும். வெயிலில் போடாமல், ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, எந்த ஏரியிலிருந்து வந்ததோ அந்த ஏரியின் நீர் உள்ள பள்ளத்தின் ஓரச் சேற்றில் கொண்டுபோய் விடுங்கள். நடு நீரில் வீச வேண்டாம். தூக்கும்போது ஓட்டின் பின்பக்கத்தைப் பிடியுங்கள். கழுத்து நீளம் என்பதால் திரும்பிக் கடித்துவிடும்.

கேள்வி: பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டையில் ஆமை விழுந்து ஏற முடியாமல் கிடக்கிறது. ஓடும் பாம்பும் அடிக்கடி விழுகிறது.

தாள் வழுக்கும், ஏற முடியாது. தென்னை மட்டை இரண்டைக் கட்டியோ, பழைய சணல் சாக்கைக் கல் கட்டி மேலிருந்து நீர்மட்டம்வரை தொங்கவிட்டோ ஒரு மூலையில் போட்டுவிடுங்கள். நீர் இறங்க இறங்கச் சாக்கையும் கீழே இறக்க வேண்டும். ஆட்டுக்குட்டி தவறி விழுந்தாலும் அதைப் பிடித்துத்தான் ஏறும்.